மோர்பின் நாயைக் கிடத்துகிறது, பூனையை உலாவ விடுகிறது: முறிமருந்து தனியே போனால் என்ன செய்யும்?

ஹற்றன் உயிரியல் ஆசிரியை எழுதியது:

வணக்கம். ஹற்றனை அண்டிய ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பித்து வருகிறேன். நரம்புக் கடத்திகளையும், கலங்களில் அவை போய் அமரும் இடங்களான வாங்கிகளையும் விளக்கும்போது அபின்வகை மருந்துகளை உதாரணமாக எடுப்பது என் வழக்கம். மோர்பின் ஒரு வாங்கியில் போய் அமர்கிறது, வலி குறைகிறது, அதன் முறிமருந்தான நலொக்சோன் அதே வாங்கியை அடைத்துக்கொள்வதால் மோர்பினின் வேலை நின்றுவிடுகிறது என்ற அளவில் பாடம் முடிந்துவிடும். பரீட்சைக்கு அது போதும். ஆனால் சென்ற விடுமுறையில் கண்ட ஒன்று அந்த விளக்கத்துக்குள் அடங்க மறுக்கிறது.

காட்டுப்பன்றிக்கென்று கட்டிய கம்பிச் சுருக்கில் கால் கிழிந்த லயத்து நாய் ஒன்றை மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றோம். மோர்பின் ஏற்றிய சில நிமிடங்களில் அது வாந்தி எடுத்தது. பிறகு நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தபடி, கண்மணிகள் குண்டூசித் தலையளவு சுருங்கிப்போக, அசையாமல் படுத்துக்கொண்டது. பக்கத்துக் கூட்டில் சத்திரசிகிச்சை முடிந்து பியூப்ரனோர்பின் பெற்றிருந்த பூனையோ கம்பியில் கன்னத்தை மாறி மாறி உரசுவதும், விரிப்பை முன்னங்கால்களால் பிசைவதுமாக இருந்தது. அதன் கண்மணிகள் பச்சை நிறமே தெரியாதபடி கறுப்பாக விரிந்திருந்தன. இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துகள் என்று வைத்தியர் சொன்னார்.

இதை வகுப்பில் கூறியபோது ஒரு மாணவி கேட்டாள்: “மருந்தே ஏறாத உடலில் நலொக்சோனைச் செலுத்தினால், அதற்கு முறிப்பதற்கு என்ன இருக்கிறது?” இனத்துக்கு இனம் விளைவு மாறுவது ஏன் என்பதையும், அந்த மாணவியின் கேள்விக்கான விடையையும் துறை சார்ந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

நாவலப்பிட்டி மிருக வைத்தியர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பேராதனையில் படித்த காலத்தில் எங்களுக்கு முதலில் சொல்லித்தரப்பட்டது, “மருந்தின் பெயரை எழுதும் முன் விலங்கின் பெயரை எழுது” என்பதுதான். நீங்கள் கண்டது அபூர்வமான நிகழ்வு அன்று; நாள்தோறும் பார்ப்பது.

கண்மணியிலிருந்தே தொடங்கலாம். மோர்பின் ஏறினால் மனிதனுக்கும் நாய்க்கும் முயலுக்கும் கண்மணி சுருங்கும்; பூனைக்கும் குதிரைக்கும் எலிக்கும் குரங்குக்கும் விரியும். பொதுவாக, கண்மணி சுருங்கும் விலங்குகள் அமைதியடைகின்றன, விரியும் விலங்குகள் கிளர்ச்சியடைகின்றன என்று ஒரு பருமட்டான வழிகாட்டியாகக் கொள்ளலாம். முழுமையான விதியாகக் கொள்ள முடியாது. வாங்கி எல்லா விலங்குகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான், மியூ என்று அழைக்கப்படும் வாங்கி. ஆனால் அது மூளையின் எந்தெந்தப் பகுதிகளில் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதும், அதைத் தாங்கிய கலம் அடங்கும்போது வேறு எந்த நரம்புக் கலங்கள் கட்டவிழ்கின்றன என்பதும் இனத்துக்கு இனம் வேறுபடுகின்றன. மோர்பின் ஒரு கலத்தை அடக்குவதையே செய்கிறது. அந்தக் கலம் வேறொரு கலத்தை அடக்கி வைத்திருந்த காவலாளியாக இருந்துவிட்டால், காவலாளி உறங்கியதும் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். பூனையிலும் குதிரையிலும் காணும் ஓயாத நடமாட்டத்துக்கு, டோபமின் போன்ற கடத்திகள் இவ்வாறு கட்டவிழ்வதே காரணமெனக் கருதப்படுகிறது.

“பூனைக்கு மோர்பின் கொடுத்தால் வெறி பிடிக்கும்” என்று பழைய நூல்களில் எழுதியிருப்பதை வாசித்து, வலியால் துடிக்கும் பூனைக்குக்கூட ஒன்றும் கொடுக்காமல் விட்டவர்கள் பலர் இருந்தார்கள். அந்த வெறியைப் பதிவு செய்த பரிசோதனைகளில் உடல் எடையின் கிலோ ஒன்றுக்கு 20 மில்லிகிராம் வரை கொடுத்தார்கள். சிகிச்சையில் நாம் கொடுப்பதோ 0.1 முதல் 0.2 மில்லிகிராம். நூறு மடங்கு மிகையான அளவில் தோன்றிய நடத்தையை வைத்து ஓர் இனத்துக்கே வலிநிவாரணம் மறுக்கப்பட்டது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வரும். உரிய அளவில் கொடுத்தால், நீங்கள் கண்டதுபோல, பூனை உரசும், பிசையும், உருளும், குறுகுறுவென்று சத்தமிடும், அவ்வளவுதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வலியில் இருக்கும் விலங்குக்கும் வலியே இல்லாத விலங்குக்கும் ஒரே அளவைக் கொடுத்தால் நடத்தை ஒன்றாக இருப்பதில்லை. முன்னது பெரும்பாலும் அடங்கும், பின்னதிலேயே கிளர்ச்சி அதிகம்.

நாய் இரைத்தது வலியாலோ மூச்சுத் திணறலாலோ அன்று. உடல் வெப்பம் எந்த அளவில் நிற்க வேண்டும் என்று மூளை வைத்திருக்கும் குறியை மோர்பின் கீழே இறக்கிவிடுகிறது. உடல் சாதாரண வெப்பத்தில் இருந்தும் அதை மிகையென்று மூளை கொள்வதால், நாய் தன்னைக் குளிர்த்திக்கொள்ள இரைக்கிறது. பூனையில் இதற்கு நேர்மாறாக உடல் வெப்பம் ஏறக்கூடும். வாந்தி, மூளைத் தண்டில் உள்ள வாந்தி தூண்டும் பகுதியை மோர்பின் தட்டுவதால் வருகிறது. இங்கே மாணவர்களுக்குச் சுவையான ஒன்று: மோர்பினை அமிலத்தோடு சூடாக்கிப் பெறப்படும் அபோமோர்பினை, நஞ்சு தின்ற நாய்க்கு வாந்தி எடுக்க வைப்பதற்குப் பயன்படுத்துகிறோம். மோர்பினிலிருந்து பிறந்ததாயினும் அது டோபமின் வாங்கிகள் வழியாக வேலை செய்கிறது; ஆகவே அது வரவழைக்கும் வாந்தியை நலொக்சோன் நிறுத்தாது. முறிமருந்து ஒரு விளைவைத் துடைக்கிறதா இல்லையா என்பதைக் கொண்டே அந்த விளைவு எந்த வாசலால் வந்தது என்று கண்டுபிடிக்கும் வழி இதுதான்.

சிகிச்சையில் நலொக்சோனை நாம் யோசித்தே எடுக்கிறோம். அது மூச்சுத் தளர்ச்சியை மட்டும் தெரிவு செய்து முறிப்பதில்லை. வலிநிவாரணத்தையும் சேர்த்தே முறிக்கிறது. கால் வெட்டிய நாய்க்கு முழு அளவை ஒரே தடவையில் ஏற்றினால், அது அலறிக்கொண்டு எழும்பும். அதனால் நீர்க்கச் செய்து, மூச்சைப் பார்த்துப் பார்த்துச் சிறிது சிறிதாகச் செலுத்துவோம். அதன் வேலை ஒரு மணித்தியாலத்துக்குள் தணிந்துவிடும்; மோர்பின் அதற்கு மேலும் நிற்கும். எனவே எழும்பிய நாய் மீண்டும் மயங்கக்கூடும் என்பதால் அதை உடனே வீட்டுக்கு அனுப்புவதில்லை.

போகிற போக்கில் ஓர் எச்சரிக்கை. வயிற்றோட்டத்துக்கு மருந்துக் கடையில் வாங்கும் லோபெரமைடும் அபின்வகையைச் சேர்ந்ததே. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள ஒரு புரதம் அதை வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால்தான் அது குடலோடு நின்றுவிடுகிறது. கொலி இன நாய்கள் பலவற்றில் அந்தப் புரதத்துக்கான பரம்பரை அலகு பழுதுபட்டிருப்பதால், அதே மாத்திரை மூளைக்குள் புகுந்து அவற்றைத் தள்ளாட வைக்கும். வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்து நாய்க்குக் கொடுக்க வேண்டாம்.

கண்டி மருந்தியல் எழுதியது:

மாணவியின் கேள்வி, ஆய்வாளர்கள் 1970களில் தமக்குள் கேட்டுக்கொண்ட அதே கேள்வி. 1973 இல் மூளையில் அபின்வகை வாங்கிகள் இருப்பது பரிசோதனையால் உறுதிப்பட்டது. கசகசாச் செடியின் பாலுக்காக ஒரு வாங்கியை உடல் கட்டி வைத்திருக்க நியாயமில்லை. உடலுக்குள்ளேயே ஏதோ ஒன்று அதில் போய் அமர வேண்டும். 1975 இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரில் ஹியூஸும் கொஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து என்கெபலின்கள் என்ற அத்தகைய பொருட்களைப் பிரித்தெடுத்து அதை நிறுவினார்கள். ஆகவே மருந்து ஏறாத உடலிலும் நலொக்சோனுக்கு முறிப்பதற்கு ஒன்று இருக்கிறது: உடல் தானே சுரக்கும் அபின்வகைப் பொருட்கள்.

ஆனால் அவை எந்நேரமும் சுரந்துகொண்டிருப்பதில்லை. வயிறு நிறைந்து, அஞ்ச ஏதுமின்றி, தன் கூட்டில் படுத்திருக்கும் எலிக்கு நலொக்சோனை ஏற்றினால் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றும். அதே எலியைப் பட்டினி போட்டு உணவின் முன் விட்டால், நலொக்சோன் பெற்றது குறைவாகத் தின்னும். 1974 இலேயே இது பதிவாகியது. பாதத்தில் தொடர்ந்து அதிர்ச்சி கொடுத்து அச்சுறுத்தப்பட்ட எலிக்குச் சிறிது நேரம் வலியுணர்வு மந்தமாகிவிடும். அந்த மந்தத்தின் ஒரு வகையை நலொக்சோன் நீக்கிவிடுகிறது. ஒரு குறிப்பிட்ட அறையில் மட்டும் மோர்பின் பெற்ற எலி பின்னர் அந்த அறையையே நாடும். நலொக்சோன் பெற்ற அறையை, அதற்கு முன் மோர்பினை அறியாத எலியும் தவிர்க்கத் தொடங்கும். அதாவது அந்த எலியிடமிருந்து ஏதோ ஒரு சிறு நிறைவு பறிக்கப்பட்டிருக்கிறது. அதற்குத் தெரிகிறது, நமக்குத் தெரியவில்லை.

இவற்றுள் என்னை அதிகம் கவர்ந்தது குட்டிகளின் அழுகை பற்றிய ஆய்வுகள். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட நாய்க்குட்டி, கினிப் பன்றிக் குட்டி, கோழிக்குஞ்சு ஆகியவை விடாமல் குரல் எழுப்பும். ஜாக் பாங்க்செப்பும் அவருடன் பணியாற்றியவர்களும் 1978 அளவில் காட்டியது, உறக்கம் வராத அளவு சிறிய மோர்பின் அந்த அழுகையைத் தணிக்கிறது, நலொக்சோன் அதைக் கூட்டுகிறது என்பதே. தாயின் அணைப்பு குட்டியின் மூளைக்குள் அபின்வகைப் பொருளாகவே பேசுகிறது என்ற கருத்து இதிலிருந்து எழுந்தது. இதோடு கதை முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் 2004 இல், மியூ வாங்கியே இல்லாமல் பிறப்பிக்கப்பட்ட சுண்டெலிக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்தபோது, அவை மற்றக் குட்டிகளைவிடக் குறைவாகவே அழுதன. தடுப்பான் அழுகையைக் கூட்டுமென்றால், வாங்கியே இல்லாத குட்டி இன்னும் அதிகமாக அல்லவா அழ வேண்டும்? இங்கேதான் நிதானம் தேவை. நலொக்சோன் பெற்ற குட்டி அணைப்பின் இதத்தை அறிந்தது. அறிந்ததை அந்தக் கணத்தில் இழக்கிறது. வாங்கி இல்லாமலே பிறந்த குட்டிக்கு அந்த இதம் ஒருபோதும் வாய்த்ததில்லை; இல்லாததற்காக அது அழுவதில்லை. ஒரு வாசலை இன்று அடைப்பதும், வாசலே இல்லாத வீட்டைக் கட்டுவதும் ஒன்றல்ல என்பதை மாணவர்கள் இந்த இடத்தில் நன்றாக விவாதிக்கலாம்.

மோர்பினுக்குப் பழகிய விலங்கில் நிலைமை முற்றிலும் வேறு. சில நாட்கள் மோர்பின் பெற்ற சுண்டெலிக்கு மிகச் சிறிய அளவு நலொக்சோனைச் செலுத்தினாலும், சில நிமிடங்களில் அது கண்ணாடிச் சாடிக்குள் நேர் மேலாகத் துள்ளத் தொடங்கும். பெரிய எலியானால் நனைந்த நாயைப்போல் உடலை உதறும், பல்லைக் கடிக்கும், கழியும். துள்ளல்களை எண்ணியே பழக்க அடிமைத்தனத்தின் ஆழத்தை அளந்தார்கள். 1996 இல் மியூ வாங்கி அற்ற சுண்டெலிகள் உருவாக்கப்பட்டபோது, மோர்பின் அவற்றுக்கு வலியைக் குறைக்கவும் இல்லை, இன்பம் தரவும் இல்லை, பழகிய பின் நலொக்சோன் ஏற்றியபோது துள்ளலும் இல்லை. மூன்றும் ஒரே வாங்கியின் வழியாக வருவதால்தான், அடிமையாக்காத மோர்பினைத் தேடிய இத்தனை காலத் தேட்டம் இவ்வளவு கடினமாக இருக்கிறது.

நாவலப்பிட்டி வைத்தியர் சொன்னதில் ஒரு சிறு திருத்தத்தைச் சேர்க்க விரும்புகிறேன். நலொக்சோன் ஒரு விளைவைத் துடைத்துவிட்டது என்பதாலேயே அது அபின்வகை வாங்கியின் வேலை என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. அளவு மிகும்போது நலொக்சோன், காபா என்ற இன்னொரு நரம்புக் கடத்தியின் வாங்கி போன்ற பிற வாங்கிகளையும் தொடுகிறது. அதனால்தான் கவனமான ஆய்வாளர்கள் அதன் கண்ணாடி விம்ப மூலக்கூற்றையும் ஒப்பீட்டுக்குச் செலுத்துகிறார்கள். வலக்கை நலொக்சோன் அபின்வகை வாங்கியைத் தடுப்பதில்லை. இடக்கை வடிவம் மட்டும் விளைவைத் துடைத்தால்தான் சான்று முழுமையாகும். ஒளிச் சமபகுதியத்தை இரசாயனவியல் பாடத்தில் மனனம் செய்யும் மாணவர்களுக்கு இது அதன் பயனைக் காட்டும்.

இறுதியாக, நடத்தை மருந்தில் மட்டும் இல்லை என்பதற்கு ஒரு சான்று. ஷெப்பர்ட் சீகலும் அவருடன் பணியாற்றியவர்களும் 1982 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குறிப்பிட்ட அறையில் ஹெரோயினுக்குப் பழக்கப்பட்ட எலிகளுக்குப் பெரிய அளவு ஒன்றைக் கொடுத்தார்கள். பழகிய அறையிலேயே பெற்றவற்றுள் 32 சதவீதமும், வேறு அறையில் பெற்றவற்றுள் 64 சதவீதமும், முன்பழக்கமே இல்லாதவற்றுள் 96 சதவீதமும் இறந்தன. அறையின் அடையாளங்களைக் கண்டதும் உடல் மருந்தை எதிர்கொள்ள முன்கூட்டியே ஆயத்தமாகிறது; அறை மாறினால் அந்த ஆயத்தம் வருவதில்லை. மூலக்கூறும் அளவும் ஒன்றுதான், சுவர்கள் மட்டுமே வேறு.

நுவரெலியா குதிரைக்காரர் மகன் எழுதியது:

நான் விஞ்ஞானம் படித்தவன் அல்லன். கிரகரி வாவிக் கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் குதிரைகளோடு வளர்ந்தவன். மருந்தே இல்லாமல் இந்த விடயத்தைக் கண்ணால் காணக்கூடிய ஓரிடம் இருப்பதால் எழுதுகிறேன்.

இலாடம் அடிக்கவோ காயத்துக்கு மருந்திடவோ விடாத குதிரைக்கு, தடியின் நுனியில் கோத்த கயிற்று வளையத்தை மேலுதட்டில் மாட்டித் திருகிப் பிடிப்பது அப்பாவின் காலத்திலிருந்தே உள்ள முறை. முதலில் குதிரை பின்வாங்கும். சிறிது நேரத்தில் அதன் இமைகள் பாதி கவியும், தலை தாழும், கீழுதடு தளர்ந்து தொங்கும். வலியால் பணிந்துபோகிறது என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். இங்கு குதிரைப் பந்தயக் காலத்தில் வரும் மிருக வைத்தியர் ஒருவர் வேறு விளக்கம் சொன்னார். நெதர்லாந்தில் 1984 இல் வெளியான ஓர் ஆய்வில், உதட்டைத் திருகும்போது குதிரையின் இரத்தத்தில், உடல் தானே சுரக்கும் அபின்வகைப் பொருளான எண்டோர்பின் ஏறுவதும், முன்னதாக நலொக்சோன் ஏற்றினால் அந்த அமைதி வராமற்போவதும் கண்டறியப்பட்டதாம். ஆனால் அதை நீண்ட நேரம் பிடித்தால் பலன் மாறி, இதயத் துடிப்பு ஏறி, குதிரை வதைபடத் தொடங்கும் என்றும், ஐந்து நிமிடங்களுக்கு மேல் பிடிக்க வேண்டாம் என்றும் கண்டித்துச் சொன்னார். அன்றிலிருந்து கடிகாரத்தைப் பார்த்தே பிடிக்கிறோம். காதைத் திருகுவதை முற்றாக விட்டுவிட்டோம். அதில் அமைதி இல்லை, பயம் மட்டுமே.

தொழுவத்திலேயே அடைபட்டுக் கிடக்கும் குதிரைகள் சில மரச்சட்டத்தைப் பல்லால் கவ்விக் காற்றை விழுங்கும் பழக்கத்துக்கு ஆளாவதுண்டு. அப்பழக்கத்தையும் இந்தத் தடுப்பு மருந்துகள் சில மணித்தியாலங்களுக்கு நிறுத்துகின்றன என்று அமெரிக்காவில் 1987 இல் காட்டியிருக்கிறார்கள் என அவர் சொன்னார். அப்படியானால் சட்டத்தைக் கவ்வும் குதிரை தனக்குத் தானே மருந்து ஏற்றிக்கொள்கிறது என்று பொருளா?

கண்டி மருந்தியல் எழுதியது:

அப்படியும் ஒரு கருத்து உண்டு. கட்டி வைக்கப்பட்ட பெண்பன்றிகள் சங்கிலியைக் கடிப்பதையும் நலொக்சோன் குறைத்ததாக 1985 இல் காட்டப்பட்டதும் அதற்கு ஆதரவாகவே எடுக்கப்பட்டது. நான் அதை ஐயத்தோடுதான் பார்க்கிறேன். செயல் இன்பத்தைத் தருகிறது என்பதும், செயலைத் தொடங்கி வைக்கும் டோபமின் பாதையை அபின்வகை வாங்கி திறந்து விடுகிறது என்பதும் வேறு வேறு. தடுப்பான் இரண்டையும் நிறுத்தும், எது என்று சொல்லாது. எவ்வாறாயினும் குதிரைக்கு நாள் முழுவதும் புல்லும் துணைக்கு இன்னொரு குதிரையும் கிடைக்கச் செய்வது ஊசியைவிட மலிவானது.

ஹற்றன் உயிரியல் ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. மாணவியின் கேள்விக்கு இவ்வளவு ஆழமான விடை கிடைக்குமென்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. இவற்றில் எதையாவது பாடசாலை ஆய்வுகூடத்தில் செய்துகாட்ட முடியுமா? அடுத்து, எங்கள் தோட்டப் பகுதிகளில் சுருக்கில் அகப்படும் சிறுத்தைகளை மயக்கிப் பிடிப்பதற்கும் இந்த வகை மருந்தையா பயன்படுத்துகிறார்கள்?

நாவலப்பிட்டி மிருக வைத்தியர் எழுதியது:

முதலாவதற்கு விடை, முடியாது என்பதே. இந்த மருந்துகள் 1929 ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. அதோடு பாடசாலையில் ஒரு விலங்கை வலிக்கு உட்படுத்த எந்தக் காரணமும் போதாது. மேலே மருந்தியல் அவர்கள் தந்த 32, 64, 96 என்ற எண்களைக் கொண்டு வரைபு வரையச் சொல்லி, காரணத்தை மாணவர்களையே எழுதச் செய்யலாம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கட்டுப்பாட்டுக் கூட்டம் ஏன் தேவை என்பதும் அதிலேயே விளங்கிவிடும்.

இரண்டாவது நல்ல கேள்வி. உங்கள் முதற் கேள்வியின் தொடர்ச்சியும்கூட. யானைபோன்ற பெரிய தாவர உண்ணிகளுக்கு எட்டோர்பின் என்ற அபின்வகை மருந்து உலகெங்கும் பயன்படுகிறது. அது மோர்பினைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வீரியமானது. சில மில்லிகிராமே ஒரு யானையை நிறுத்திவிடும், அதைக் கையாளும் வைத்தியரின் தோலில் பட்ட துளியோ அவரையே வீழ்த்தக்கூடும். முறிமருந்தாக டைப்ரினோர்பின் அல்லது நல்ட்ரெக்சோனைச் செலுத்தினால் யானை சில நிமிடங்களில் சுதாரித்து நடக்கும். இங்கும் முறிமருந்து சீக்கிரம் தணிந்துவிட்டால் விலங்கு காட்டுக்குள் போன பிறகு மீண்டும் மயங்கும் அபாயம் இருப்பதால், நீண்ட நேரம் நிற்கும் நல்ட்ரெக்சோன் விரும்பப்படுகிறது.

சிறுத்தைக்கு எட்டோர்பின் கூடாது. அது பூனைக் குடும்பம். நீங்கள் கூட்டுக்குள் கண்ட அந்தப் பூனையின் மூளையே அளவில் பெரிதாக இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். வீழ்வதற்குப் பதிலாகக் கிளர்ந்தெழும். ஆகவே அபின்வகையைச் சேராத மயக்க மருந்தான கெட்டமினை, சைலசீன் அல்லது மெடடொமிடின் என்ற அமைதிப்படுத்தும் மருந்தோடு சேர்த்து ஊசித் துப்பாக்கியால் செலுத்துவதே வழக்கம். இதில் நலொக்சோனுக்கு வேலை இல்லை. மெடடொமிடினுக்கு அட்டிபமசோல் என்ற வேறொரு முறிமருந்து உண்டு. கெட்டமினுக்கோ முறிமருந்தே இல்லை. மெடடொமிடினை அவசரப்பட்டு முறித்துவிட்டால், உடலில் கெட்டமின் மட்டும் எஞ்சி, விலங்கு தசை விறைத்து வலிப்பு வந்ததுபோல் எழும்பும். கெட்டமின் தணியும்வரை வைத்தியர் காத்திருப்பது அதனால்தான். பார்ப்பவர்களுக்கு அது வீண் தாமதமாகத் தோன்றும். இன்னொரு தாமதம் கூட்டத்தால் வருவது: சுருக்கில் சிக்கிய சிறுத்தையைச் சுற்றி ஆட்கள் கூடிக் கூச்சலிட்டு, கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தால், அதன் உடலில் அட்ரினலின் ஏறி, உரிய அளவு மருந்தும் பிடிக்காமற் போகும்; இரண்டாவது ஊசி ஏற்ற நேரும். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்துவிட்டு, அவர்கள் வரும்வரை ஆட்களைக் கண்ணுக்கெட்டாத தூரத்தில் நிறுத்தி வைக்கும்படி உங்கள் மாணவர்கள் தத்தம் தோட்டங்களில் சொல்ல முடியுமானால், அந்த இரண்டாவது ஊசி பெரும்பாலும் தேவைப்படாது.